வெயில் கோடு

செப்டம்பர் 7, ஞாயிறு

உரக்கடையில் தை மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் ஆடுகிற டிவி மேசைக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்றைக்கு உருவித் தூசி தட்டி எடுத்துவிட்டேன். மேசை ஆடினால் ஆடட்டும்.

எழுதச் சொன்னது என் மகள் பிருந்தா. ஓசூரில் வேலை பார்க்கிறாள். மூன்று நாள் லீவில் வந்தவள் சும்மா இருக்கவில்லை. எங்கள் கொப்பரைக் களத்துக் கொட்டகையின் கூரைமேல் ஒரு கம்பம் நட்டு, அதில் காற்றாடி, மழை பிடிக்கிற கிண்ணம், வெயில் அளக்கிற வெள்ளைக் கூடு எல்லாம் மாட்டிவிட்டாள். அது அளப்பதெல்லாம் இண்டர்நெட்டுக்குப் போய், கொட்டகைக் கம்ப்யூட்டருக்கு வந்து, பழைய டிவியில் கோடு கோடாக ஓடுகிறது. "அம்மா, செட்டிங்ஸ்ல எத மாத்துனாலும் தேதி போட்டு எழுதி வெச்சுக்கோ. இல்லாட்டி எதுனால கெட்டுப்போச்சுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆகவே இது செட்டிங்ஸ் நோட்டு. சொந்தக் கதை எழுதப்போவதில்லை.

ஆனாலும் எதற்கு இந்த மிஷின் என்று எழுதத்தான் வேண்டும். போன ஐப்பசியில் இரண்டு லோடு கொப்பரை மழையில் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். சனிக்கிழமை வந்து திங்கள் விடியற்காலை போகிறவர். இந்த ஆடியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "களத்த மூடிப்போடலாம் வசந்தா. திருப்பூர்ல ஒரு நூல் யாவாரி குடோனுக்கு எடம் கேக்கறாரு. விஜயதசமியன்னிக்கு எழுதிக் குடுத்தரலாம்."

நான் கரண்டியைப் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். பதினேழு வருஷம் நான் நின்ற களம். இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்கிற களம். நூல் மூட்டை அடுக்கவா? ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். விஜயதசமி வரைக்கும் ஒரு கூடைகூட நனையாமல் தப்பித்தால் களம் ஓடும். ஒரு கூடை போனாலும் கையெழுத்து.

இன்னும் இருபத்தைந்து நாள்.

செப்டம்பர் 8, திங்கள்

டிவியில் ஐந்து கோடுகள். வெயில், ஈரம், மழை, காற்று வேகம், காற்று வருகிற திக்கு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடியாப்பம் பிழிந்த தட்டு மாதிரி இருக்கிறது.

மாராத்தாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். களத்தில் எனக்கு அடுத்தபடி அவள். வயது ஐம்பத்தெட்டு, குரலோ மைக் செட். இடுப்பில் கை வைத்து ஐந்து நிமிஷம் டிவியை முறைத்துவிட்டு, "அம்மிணி, இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்க. காலைல எட்டரைக்கே உச்சி வெயிலுங்குது" என்றாள்.

பார்த்தால் நிஜம்தான். சூரியன் நடுராத்திரி பன்னிரண்டரைக்கு உதித்து, காலையில் எட்டரைக்கு வெயில் உச்சிக்கு ஏறி, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மறைந்திருந்தது. பிருந்தாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, லண்டன் நேரத்துல இருக்குதும்மா. மாத்த மறந்துட்டேன்."

"லண்டன்ல எவன்டி கொப்பரை காயப்போடறான்?"

அவள் ஒரு நிமிஷம் சிரித்தாள். பிறகு எங்கே போய் எதை அமுக்குவது என்று சொன்னாள். மாற்றியது: நேரம், லண்டனிலிருந்து இந்தியாவுக்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

சூரியன் சரியான நேரத்துக்கு உதித்தது. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்றைக்கு மானம் போயிற்று. யாரும் வெளியே சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பதினொரு மணிக்குத் துளசிமணி கொட்டகைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். எங்கள் கூட்டத்தில் சின்னவள், பயந்தவள். டிவியைப் பார்த்ததும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஈரக் கோடு மேல போயிருச்சுங்கோ! உச்சிக்குப் போயிருச்சுங்கோ!" நானும் எட்டிப் பார்த்தேன். கோடு தரையிலிருந்து கூரைக்கு ஏறியிருந்தது. போட்டோம் கூச்சல். இருபத்திரண்டு பேரும் விழுந்தடித்துக் கொப்பரையைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் இழுத்து, கல் வைத்து முடித்தபோது ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அண்ணாந்து பார்த்தால் துளி மேகம் இல்லை. பளீரென்று வெயில்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, "ஏனுங் அம்மிணி, சூரியனுக்கா மூடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிருந்தாவிடம் கேட்டேன். ஈரம் அறுபத்தொன்றிலிருந்து அறுபத்துமூன்றுக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். அந்த இரண்டே இரண்டைத்தான் மிஷின் டிவி உயரத்துக்கு இழுத்துக் காட்டியிருக்கிறது. அதுவாகவே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். என் நாத்தனாரும் இப்படித்தான். சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மூன்று ஊருக்குச் சொல்லி அனுப்புவாள்.

மாற்றியது: ஈரத்தின் அளவு, கீழே பூஜ்யம், மேலே நூறு. தானாக மாற்றிக்கொள்வது கூடாது. இப்போது கோடு சாதுவாகப் போகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

தாராபுரத்தில் கல்யாணம். விடிகாலையில் போய் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. களம் முழுக்கத் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. பெண்கள் எல்லாம் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மாராத்தா! என்ன இது?"

"மழை இன்னும் நிக்கலீங்க."

"எங்க பெய்யுது மழை?"

"அதத்தானுங்க நாங்களும் பேசிட்டிருக்கறோம். வெளிய பாத்தா வெயிலு. கோட்டப் பாத்தா எறங்கவே மாட்டீங்குது. போன தடவ கோட்ட நம்பி ஏமாந்தம். இந்தத் தடவ கண்ண நம்பி ஏமாந்தறக் கூடாதுன்னு உக்காந்துட்டம்."

காலையில் ஏழு மணிக்கு ஒரு தூறல் போட்டிருக்கிறது. மழைக் கோடு நாலுக்கு ஏறி, அப்படியே நேராக நின்றுவிட்டது. அது அன்றைக்குப் பெய்த மொத்த மழையைக் காட்டுகிற கோடாம். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் இறங்காதாம். பிருந்தா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே வெந்நீர் அண்டா மாதிரி ஆவி. கொப்பரை வேர்த்து வழிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் பூசணம்தான்.

யாரையும் திட்டவில்லை. திட்டினேன், கொஞ்சமாக. பிறகு எல்லாரும் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு தேங்காய்ப் பருப்பாகத் துடைத்து வெயிலில் பரப்பினோம். பாதியில் மாராத்தாள், "பொறந்த கொழந்தையக்கூட நான் இப்படித் தொடைக்கல" என்றாள். அதற்குப் பிறகு சிரிப்புத்தான். பொழுது சாய்வதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. ஒரு பருப்பும் போகவில்லை.

நடுவில் வீட்டுக்காரர் போன். "எங்கிருக்கற? நெழல்லதான?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவர். இப்போது தினமும் மத்தியானம் கூப்பிடுகிறார். களத்தில் ஏதாவது கெட்டுப்போனதா என்று நோட்டம் பார்க்கிறார் போல. மூக்கில் வேர்த்துவிடுகிறது மனுஷனுக்கு.

மாற்றியது: மழை, மொத்தமாக வேண்டாம், மணிக்கு எவ்வளவு என்று.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்குச் சிரித்ததில் வயிறு வலி.

கோட்டுக்கு நிறம் மாற்றலாம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. வெயிலுக்கு மிளகாய்ச் சிவப்பு என்பதில் சண்டை இல்லை. ஈரத்துக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. கத்திரிப்பூக் கலர் என்று ஒரு கட்சி, ராமர் பச்சை என்று ஒரு கட்சி. துளசிமணி மத்தியானம் வீட்டுக்குப் போய் அவளுடைய கல்யாணச் சேலையையே எடுத்து வந்துவிட்டாள். அதை டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இந்தப் பச்சைங்க்கா, இதே பச்சை" என்று நிற்கிறாள். நான் கம்ப்யூட்டர் எலியை உருட்டி உருட்டி அந்தப் பச்சையைத் தேடுகிறேன். பின்னாலிருந்து இருபது பேர் "கொஞ்சம் கருப்பா, கொஞ்சம் வெளுப்பா" என்று கத்துகிறார்கள். கடைசியில் அச்சு அசல் கிடைத்தது. ஒரே கைதட்டல்.

மாராத்தாள் கண்ணாடி போடமாட்டாள், கோடு மட்டும் தெரிய வேண்டும் என்பாள். கோட்டைத் தாம்புக்கயிறு மொத்தத்துக்கு ஆக்கிவிட்டேன். இப்போது களத்தின் கடைசி மூலையிலிருந்தே தெரிகிறது. போகிறபோது வருகிறபோது "சிவப்பி ஏறிட்டா", "பச்சை இன்னிக்குச் சொகமில்லாம படுத்திருக்கறா" என்று பேச்சு. சாயங்கால டிவித் தொடரைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்க்கமாட்டார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

காற்றுத் திக்குக் கோடு காலையிலிருந்து மேலும் கீழும் பேய் பிடித்தது போல ஆடியது. யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன். காற்று நேர் வடக்கிலிருந்து வருகிறது. வடக்கு என்பது மிஷினுக்குப் பூஜ்யம், அதுவே முந்நூற்று அறுபது. காற்று இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு பிடி அசைந்தாலே கோடு உச்சிக்கும் தரைக்கும் தாவுகிறது. கோடே வேண்டாம், புள்ளி போதும் என்று மாற்றிவிட்டேன். பேய் ஓடிவிட்டது.

பிருந்தா, "அம்மா, சூப்பர்மா" என்றாள். அதை நான் மாராத்தாளிடம் மூன்று தடவை சொன்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அவர் வந்திருந்தார். கொட்டகையில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் டிவியைப் பார்த்தார். "கோடு நல்லா இருக்குது" என்றார். அவ்வளவுதான். பையில் அக்ரிமெண்ட் நகல் இருந்தது. நான் துணி எடுக்கப்போய்ப் பார்த்துவிட்டேன். எங்கள் களத்தை நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று எழுதியிருந்தது. மடித்த மடிப்பிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

"ஒரு பருப்புகூடப் போகலைங்க" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

மாராத்தாள் அவரிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "சித்திரையப் பத்திங்க" என்றாள். சித்திரையில் ஒரு நாள் களத்தில் எனக்குத் தலை சுற்றியது, உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுதான் சரி. மாராத்தாள் 'உளுந்தீங்க' என்பாள். அவள்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனாள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ், ஒரு ராத்திரி. அவர் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்வதற்குள் நான் எழுந்து காபி குடித்துவிட்டேன். அதெல்லாம் ஒரு கதையா? இங்கே எழுதவே தேவையில்லை.

செப்டம்பர் 24, புதன்

வெயில் முப்பத்தைந்து டிகிரி. ஒரு மணிக்கு அவர் போன். "தண்ணி குடிச்சியா?"

டிவி மூலையில் 'பார்ப்பவர்கள்: 3' என்று இருக்கிறது. நான் ஒன்று, பிருந்தா ஒன்று. மூன்றாவது யாருடி என்று கேட்டேன். "என்கிட்ட ரெண்டு போன் இருக்குதும்மா" என்றாள். ரொம்ப அவசரமாகச் சொன்னாள். இவள் எப்போது இரண்டாவது போன் வாங்கினாள்?

செப்டம்பர் 28, ஞாயிறு

சாயங்காலம் நல்ல மழை. அரை மணி முன்னாலேயே பச்சை ஏறியதைப் பார்த்து, அவசரமே இல்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டே மூடினோம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மில்லில் ஆள் பற்றாக்குறை என்று அவர் இந்த வாரம் வரவில்லை. இதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் நாலே நாள்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ராத்திரிச் சமையல் இன்னும் பாக்கி. ஆனாலும் இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையிலிருந்து கொட்டகையைக் கழுவினோம். அருவாள், தராசு, கூடை, பருப்புத் தோண்டுகிற கத்தி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தேன். மாராத்தாள் விடவில்லை.

"இதைய ஏனுங்க ஓடவுட்டிருக்கறீங்க? இதும் நம்மகூட வேலை செய்யற ஆளுதான். நமக்கு லீவு, அதுக்கு இல்லீங்களா?"

நியாயம்தானே? ஆயுதத்தைப் பூஜையில் வைத்தால் மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. எல்லாரும் அதையே சொன்னார்கள். கம்ப்யூட்டரை அணைத்தேன். டிவியையும் அணைத்து நடுவில் பெரிய பொட்டு வைத்தோம். பிறகு துளசிமணி என் போனைக் காட்டி, "அதுலயுந்தானுங்க்கா கோட்டப் பாக்கறீங்க?" என்றாள். அதுவும் சத்தத்தை அமுக்கிவிட்டு வாழை இலைக்குப் போயிற்று. அவரவர் போனும் பின்னாலேயே போயிற்று. மாராத்தாள் மட்டும் கொடுக்கவில்லை. "என்ற போனுல நான் பாட்டுக் கேக்கறதோட செரி. இது வேலைவெட்டி இல்லாத போனு. இதுக்கு எதுக்குப் பூசை?" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வெயிலுக்கு லீவு இல்லையே என்று கொப்பரையைத் திறந்தே விட்டிருந்தோம். மூன்று மணிக்குப் பூஜை. விளக்கு அணையக் கூடாது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டோம். மணி அடித்து, கற்பூரம் காட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்ததும் கும்மி. தகரக் கூரைக்குக் கீழே இருபத்திரண்டு பேர் கும்மி அடித்தால் இடி விழுந்தாலும் கேட்காது. அப்போது மாராத்தாளின் இடுப்பில் போன் அதிர்ந்தது. ஆட்டத்தை நிறுத்தாமலே எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆருங்க? ... அண்ணங்களா? ... என்ன உளுந்துருச்சுங்களா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மிணி, உங்க ஊட்டுக்காரருங்க. வெயிலு கோடு உளுந்துருச்சாமா. பத்து நிமிசத்துல முப்பத்திநாலுல இருந்து இருபத்தேழாமா. என்ன ஆச்சுன்னு கேட்டுக் கத்தறாருங்க."

ஷட்டரைத் தூக்கினேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்து விளக்கை அணைத்தது. மேற்கே வானம் அண்டாவின் அடிப்பக்கம் மாதிரி கருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாரும் ஓடினோம். கூட்டினோம், குவித்தோம், இழுத்தோம். தார்ப்பாய் காற்றில் பறக்க, துளசிமணி அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள், கல்யாணச் சேலையோடு. பயந்தவள் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட வேண்டும். முதல் சொட்டு விழுந்தபோது முக்கால் களம் மூடியிருந்தது. கொட்டியபோது கடைசி மூலை மட்டும் பாக்கி. அங்கே ஒரு கூடைக் கொப்பரை. மாராத்தாளும் நானும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தோம். ஆனால் நனைந்துவிட்டது. நன்றாகவே நனைந்துவிட்டது.

களம் முழுக்கத் தப்பித்ததில் பெண்கள் மழையிலேயே நின்று மறுபடி கும்மி அடித்தார்கள். நான் அந்த ஒரு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். விஜயதசமிக்கென்று மத்தியானமே பஸ் ஏறியவர், வழியிலிருந்துதான் போன் போட்டிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல், பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நேரே களத்துக்கு ஓடி வந்திருந்தார். நான் கூடையை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒரு கூடை நனைஞ்சு போச்சுங்க. பேச்சுன்னாப் பேச்சுத்தான். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் கூடையைப் பார்க்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ஒண்ணுமில்லியே?" என்றார்.

"எனக்கென்ன? கோடு உளுந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போனை எடுத்துக் காட்டினார். பிருந்தாவின் வேலை. முதல் நாளே அப்பாவுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் ஈரம் இல்லை, மழை இல்லை, காற்று இல்லை. ஒரே ஒரு சிவப்புக் கோடு. மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு வெயிலை மட்டும் வைத்திருக்கிறார். நாங்கள் கம்ப்யூட்டரை அணைத்தாலும் கூரைக் கம்பம் இண்டர்நெட்டுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"அப்ப தினமும் மத்தியானம் போன் பண்ணுனது?"

"வெயிலு ஏறுனா உனக்குத் தலை சுத்துமேன்னுதான்."

"பூசணத்துக்காகத்தான களத்த மூடணும்னீங்க?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். கொட்டகைக்குள் இருபத்திரண்டு பேரும் பொரியை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பூசணம் புடிச்ச பருப்ப எண்ணெய்க்காவது போட்டுக்கலாம் வசந்தா. உன்னைய என்ன பண்றது? சித்திரைல அந்த பஸ்ல நாலு மணி நேரம் உக்காந்து வந்தனே, அது எனக்குத்தான் தெரியும்."

நான் அழுதேன். மழைத் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

விடிய விடிய யோசித்து, காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"என்னைய நெழல்ல உக்கார வெக்கணும்னா சொல்லுங்க, உக்காந்துக்கறேன். களத்த மூடி ஊட்டுக்குள்ள உக்கார வெச்சீங்கன்னா நான் செத்தே போயிருவேன். அப்பறம் எந்தக் கோட்டப் பாத்துத் தெரிஞ்சுக்குவீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சித்திரைக்கு முன்னாடியும் இதையேதான் சொன்ன, நெழல்ல நிக்கறேன்னு."

 சொன்னேன்தான். நிற்கவில்லைதான்.

பத்து மணிக்குத் திருப்பூர்க்காரர் பழத்தட்டோடு வந்தார். என் வீட்டுக்காரர் வாசலுக்கே எழுந்துபோய், "மன்னிச்சுக்குங்க, குடோனுக்கு வேற எடம் பாத்துக்குங்க. இங்க கோடு ஓடிட்டிருக்குது" என்றார். திருப்பூர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், பொரி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ரோட்டில் ஆள் இருந்தது.

பிறகுதான் வேலையே. கம்ப்யூட்டருக்குத் தீபம் காட்டிப் பூஜை பிரித்து ஓட்டினோம். அவரே எலியைப் பிடித்துக்கொண்டு, பிருந்தா போனில் சொல்லச் சொல்ல, வெயில் கோட்டுக்குக் குறுக்கே ஒரு கருப்புக் கோடு போட்டார். சிவப்பு அதைத் தாண்டினால் மிஷின் சத்தம் போடும். எல்லாரும், அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், எல்லாரும் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

"முப்பத்திரண்டுல போடறேன்."

"முப்பத்திரண்டா! அப்பறம் வருசம் பூரா நெழல்லதான் இருக்கோணும். முப்பத்தாறு போடுங்க."

"முப்பத்திரண்டு."

"அண்ணா, முப்பத்தஞ்சுங்க" என்றாள் மாராத்தாள்.

"முப்பத்திமூணு. அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறமாட்டேன்."

சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி அரை மணி நேரம் நடந்தது. மாராத்தாள் துண்டைப் போட்டு மூடி, விரல் பிடித்து விலை பேசாத குறைதான். முப்பத்துநாலில் முடிந்தது. என்ன சத்தம் வைப்பது என்பதற்கு இன்னொரு அரை மணி நேரம். சேவல் கூவுகிற சத்தம் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

மாற்றியது: நான் ஒன்றும் மாற்றவில்லை. அவர் மாற்றினார்.

அக்டோபர் 7, செவ்வாய்

பன்னிரண்டு நாற்பதுக்குச் சேவல் கூவியது. புது லோடு இறங்கி, பாதிப் பருப்பு இன்னும் பரப்பாமல் கிடந்தது. இதை மட்டும் முடித்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தேன். நிமிர்ந்தால் இருபத்திரண்டு பேரும் கொட்டகை வாசலில் வரிசையாக நின்று என்னையே பார்க்கிறார்கள்.  வெட்கமாகப் போயிற்று. கூடையை வைத்துவிட்டு உள்ளே போனேன். துளசிமணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஒரு மணிக்குப் போன்.

"உள்ள வந்துட்டியா?"

"கோட்டப் பாத்துட்டுத்தான கேக்கறீங்க? சேவல் கூவுனது உங்க போன்லயும் கேட்டிருக்குமே."

"களத்துல வெயிலு எவ்வளவுன்னு கோடு சொல்லும். நீ எங்க நிக்கறேன்னு அது சொல்லாதே வசந்தா."

 எதிரே மாராத்தாள் மோர் குடித்துக்கொண்டே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்துட்டேனுங்க" என்றேன். நிஜமாகவே உட்கார்ந்துதான் இருந்தேன்.